வெங்கச்சங்கல்லோட கதை

சின்ன வயசில் கரண்டு போன ராத்திரிகளில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. காட்டிலிருந்து பொறுக்கி வந்த ரெண்டு வெள்ளைக் கல்லை எடுத்துக்கிட்டுப் போர்வைக்குள்ள நுழைஞ்சிருவோம். ஒண்ணோட ஒண்ணை அழுத்தி உரசினா, கல்லுக்குள்ளேயே மஞ்சளா ஒரு வெளிச்சம் மின்னி மறையும். மூக்கில் கருகின வாடை அடிக்கும். தீப்பொறின்னுதான் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நெருப்பே இல்லையாம் அது. வாளித் தண்ணிக்குள்ள முக்கி வச்சு உரசினாலும் மின்னும். சந்தேகமா இருந்தா உரசிப் பாருங்க. அபார்ட்மெண்ட்ல கல்லுக்கு எங்க போறதுன்னு கேட்டா, பால்கனித் தொட்டியில அழகுக்குப் போட்டு வைக்கிற வெள்ளைக் கூழாங்கல்லில் சிலது இந்தச் சாதிதான்.

எங்க பக்கம் இதுக்கு வெங்கச்சங்கல்னு பேர். வெங்கக்கல், பருக்கைக்கல்னும் சொல்லுவாங்க. சுத்தமா, கண்ணாடி மாதிரி இருந்தா படிகம். படிச்சவங்க குவார்ட்ஸ்னு சொல்றது எல்லாமே இதைத்தான்.

இப்ப ஏன் இந்தக் கல்லைப் பத்தி எழுதறேன்னா, போன மாசம் ஒருத்தர் பைக்கில் வந்து எங்க காட்டு வரப்பில் உட்கார்ந்துக்கிட்டு, "அண்ணாச்சி, இந்தக் கல்லுக்கு விலை பேசலாமா?"ன்னு கேட்டார்.

எங்க காடு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டுக்குக் கிழக்கே இருக்கு. நாலு ஏக்கர் செவல். மேற்கே நிமிர்ந்து பார்த்தா மலை. அப்பாவை நாங்க அய்யான்னுதான் கூப்பிடுவோம். அய்யா உழும்போது கொழுவில் 'நங்'குன்னு ஒரு சத்தம் கேட்டா மாட்டை நிறுத்திருவார். குனிஞ்சு கல்லை எடுத்து வடக்கு வரப்பைப் பார்த்து வீசுவார். நாப்பது வருசம் அப்படி வீசினது ஆள் உயரத்துக்குக் கல்லுக்குமியா நிக்குது. இந்தக் கல்லால தேஞ்ச கொழுவுக்குக் கணக்கே கிடையாது. இரும்பையே கீறுற கல் இது.

பைக்காரர் கண் கல்லுக்குமியில் மட்டும் இல்லை. வடமேற்கு மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு. அறுபது எட்டு நீளம் இருக்கும், கோடு போட்ட மாதிரி கிணத்தைப் பார்த்து ஓடும். உழவுக்கு ஆகாத இடம். அய்யா அதை வைய்யாத நாள் இல்லை. "அதை எடுத்துட்டுச் சமன் பண்ணியும் குடுத்திர்றோம், காசும் தர்றோம்"னார் வந்தவர்.

நான் பத்தாவதோட நின்னவன். மச்சான் மகள் காலேஜில் நிலவியல் படிக்கிறா. லீவுக்கு வந்தவளைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். சுத்தியலும், நகைக் கடைக்காரர் கண்ணில் வைக்கிற மாதிரி ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டு வந்தா. வெள்ளைத் திட்டை அவ திரும்பிக்கூடப் பார்க்கலை. நேரா கிணத்து மேட்டுக்குப் போனா. கிணறு வெட்டினப்போ வெளியே கொட்டின கருங்கல்லில் ஒரு துண்டை உடைச்சுக் கையில குடுத்து, "இதில உங்க வெங்கச்சங்கல் எங்க இருக்குன்னு சொல்லுங்க மாமா"ன்னா.

எனக்கு ஒண்ணும் தெரியலை. எல்லாம் கறுப்பா, பச்சையா எண்ணெய் பூசின மாதிரி இருந்துச்சு. பூதக்கண்ணாடியை வச்சுப் பார்த்தப்புறம்தான் நடுநடுவே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், கண்ணாடிச் சில்லு மாதிரி பரல்கள் தெரிஞ்சது. அதுவும் வெங்கச்சங்கல்தானாம். ஒவ்வொரு பாறையிலயும் இந்தக் கல் ஒவ்வொரு வேசத்தில் இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

எங்க மலையில நிறைய இருக்கிற அந்தக் கருங்கல்லுக்கு சார்னோக்கைட்னு பேர். பேர் வந்த கதை கொஞ்சம் வேடிக்கை. கல்கத்தா நகரத்துக்குக் கால்கோள் போட்டவர்னு சொல்லப்படுற ஜாப் சார்னாக் 1690களில் செத்துப்போனார். அங்கே செயின்ட் ஜான் சர்ச்சில் இருக்கிற அவர் சமாதிக் கல்லை, இருநூறு வருசம் கழிச்சு, தாமஸ் ஹாலண்ட்னு ஒரு நிலவியல்காரர் உத்துப் பார்த்தார். நம்ம சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் அதுன்னு கண்டுபிடிச்சு, 1893ல் செத்தவர் பேரையே கல்லுக்கு வச்சுட்டார். நம்ம மலைக்கு ஒரு வெள்ளைக்காரன் சமாதியிலிருந்து பேர் வந்திருக்கு! அதுக்கு முன்னாடியே ஆயிரம் வருசமா நம்ம ஊர்க் கல்தச்சர்கள் இதைக் கொத்திக்கிட்டுத்தான் இருந்தாங்க. அவங்களைக் கேட்டிருந்தா நல்ல பேரா ஒண்ணு சொல்லியிருப்பாங்க.

சுமார் 55 கோடி வருசத்துக்கு முன்னால, இன்னைக்கு நாம நிக்கிற இந்தப் பாறை 20 கிலோமீட்டருக்கும் கீழே, ஆழத்தில் வெந்துக்கிட்டு இருந்துச்சாம். இந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் ஒரே நிலமா ஒட்டிக்கிட்டிருந்த காலம். 800 டிகிரிக்கு மேல சூடு, மேல அத்தனை பாரம். அப்படி வெந்த பாறைக்குள்ள இருக்கிற வெங்கச்சங்கல் வெள்ளையா இருக்காது. அதுக்குள்ள ஊசியை விடச் சின்னதா வேற ஒரு தாது ஊடுருவியிருக்கும். அதனாலதான் அந்த நீலச் சாயல். மேல கிடந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான வருசமா மழையும் வெயிலும் கரைச்சுக் கொண்டுபோனப்புறம் அடிப்பாறை வெளியே வந்து, நமக்கு மலையா நிக்குது.

கிரானைட்டில் இது வேற மாதிரி இருக்கும். பூமிக்குள்ள உருகின குழம்பு மெதுவா ஆறி இறுகினா கிரானைட். அதில் ஒவ்வொரு தாதும் ஒரு வரிசைப்படி இறுகும். கறுப்புத் தாதுக்கள் முந்திக்கும், அப்புறம் ஃபெல்ஸ்பார், கடைசி ஆளா வெங்கச்சங்கல். கல்யாணப் பந்தியில் கடைசியா வர்றவன் காலியா கிடக்கிற சந்தில் உட்கார்ற மாதிரி, மத்ததெல்லாம் விட்டு வச்ச இடுக்கில்தான் அது போய் நிரம்பும். அதனால கிரானைட்டில் அதுக்குன்னு ஒரு வடிவமே கிடையாது. குழம்பெல்லாம் இறுகி, தண்ணிச் சத்து அதிகமான கடைசிச் சாறு மிஞ்சி, அது ஒரு விரிசலில் புகுந்து ஆறினா, அங்கே பரலெல்லாம் தலை தலையா வளர்ந்திரும். பெக்மடைட்னு சொல்றாங்க. ஃபெல்ஸ்பார் கட்டி, ஏடு ஏடா உரியிற காக்காப்பொன், அதோட வெங்கச்சங்கல் பாளம். கரூர், நாமக்கல், திண்டுக்கல் பக்கம் தோண்டி எடுக்கிறது அனேகமா இந்த வகை.

எரிமலைக் குழம்பு சட்டுனு இறுகின பாறையில் பொதுவா வெங்கச்சங்கல்லே இருக்காது. ஆனா அதில் காத்துக் குமிழி விட்டுப்போன ஓட்டைகள் இருக்குமே, அதுக்குள்ள பின்னால ஊறி வந்த தண்ணி இதே சரக்கைக் கொண்டுவந்து படிய வச்சிரும். மகாராஷ்டிரம், குஜராத் பக்கத்து அகேட், சூதுபவளம் எல்லாம் அப்படி வந்த சொந்தக்காரங்கதான். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் ஒரு முழு மரமே இந்தச் சரக்கா மாறிக் கிடக்குது. 1940ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடிச்சது.

சரி, எங்க காட்டு வெள்ளைத் திட்டு எப்படி வந்துச்சு? அதுக்கு மருமக சொன்ன பதில்தான் இத்தனை நாளா என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு.

இறுகின பாறையில் விரிசல் விழும். ஆழத்திலிருந்து கொதிக்கிற தண்ணி அந்த விரிசல் வழியா மேல ஏறும். அத்தனை சூட்டிலயும் அழுத்தத்திலயும் தண்ணிக்குள்ள சிலிக்கா கரைஞ்சிருக்கும். மேல வர வர ஆறும். ஆறினா கரைஞ்சது படியும். விரிசல் முழுக்க அடைச்சுக்கிட்டா அதுதான் வெள்ளை நரம்பு. பக்கத்துப் பாறை மக்கி மண்ணாப் போனாலும் நரம்பு மக்காது. திட்டா எழுந்து நிக்கும். உடைஞ்சு உடைஞ்சு காடு முழுக்கச் சிதறும். அய்யா வீசினதெல்லாம் அந்த நரம்போட சில்லு.

"ஏம்மா இது மட்டும் பால் மாதிரி வெள்ளையா இருக்கு?"ன்னு கேட்டேன்.

"உள்ள தண்ணி இருக்கு மாமா. கண்ணுக்குத் தெரியாத குமிழி குமிழியா, அன்னைக்கு ஏறி வந்த அதே தண்ணி மாட்டிக்கிட்டு இருக்கு. அதில வெளிச்சம் பட்டுச் சிதறுறதாலதான் வெள்ளையாத் தெரியுது."

மழைக்கு ஏங்கிக்கிட்டு, அதே மழையை வச்சுப் பிழைக்கிறவனுக்கு இதைக் கேட்டா எப்படி இருக்கும்! நாப்பது வருசமா நாங்க வரப்பில் தூக்கிப் போட்டது, கோடி வருசத்துக்கு முந்தின தண்ணியைப் பூட்டி வச்சிருக்கிற கல்.

1978ல் அய்யா கிணறு வெட்டினார். நான் சின்னப் பையன், கஞ்சி கொண்டு போவேன். முதல்ல நாலஞ்சு அடி செவல். அப்புறம் சரளை. அதுக்குக் கீழே கையால பிசைஞ்சா உதிர்ற மக்கின பாறை. அப்புறம் கருங்கல், வெடி போட்டுத்தான் இறங்கணும். 40 அடி தாண்டியும் பொட்டுத் தண்ணி இல்லை. அம்மா கம்மலை அடகு வச்ச காசும் தீர்ந்து போச்சு. 42 அடியில் ஒரு வெடிக்கு, மேற்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைக் கல் தெரிஞ்சது. அதோட ஓரத்திலிருந்து தண்ணி பீய்ச்சி அடிச்சது. அய்யா கிணத்துக்குள்ள நின்னுக்கிட்டு மேல பார்த்துச் சிரிச்சது இன்னும் கண்ணில் நிக்குது.

மேல நிக்கிற திட்டும் கிணத்துக்குள்ள தெரியிற அந்த வெள்ளைக் கல்லும் ஒரே நரம்பு. சாய்வா இறங்குது. கருங்கல்லுக்குள்ள தண்ணி நிக்க இடம் இல்லை. நரம்பும் பாறையும் சேர்ற ஓரத்தில் நொறுங்கல் இருக்கும், அதுதான் தண்ணிக்குப் பாதை. இதெல்லாம் போர் போடுற லாரிக்காரங்களுக்கு எந்தக் காலேஜும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை. குழியிலிருந்து கறுப்புத் தூளா வந்துக்கிட்டிருக்கும்போது வெள்ளைச் சில்லு வந்தா, "வெள்ளைக் கல் வந்திருச்சு, இன்னும் பத்தடி பாப்போம்"பாங்க. வெள்ளைக் கல் வந்த குழியெல்லாம் தண்ணி வர்ற குழி இல்லை. அதுவும் உண்மை. 2016ல் மழை பொய்ச்சப்போ நான் கிழக்கு ஓரத்தில் 600 அடி போட்டேன். கறுப்புப் புழுதி மட்டும்தான் வந்துச்சு. அந்த வருசம் என் தென்னையில் பாதியைக் காப்பாத்தினது அந்தக் கிணத்துக் கசிவுதான்.

இந்தச் செவலைப் பத்தியும் சொல்லணும். பாறை மக்கும்போது ஃபெல்ஸ்பார் களிமண்ணா மாறும். கறுப்புத் தாதில் இருக்கிற இரும்பு துருப்பிடிச்சுச் சிவப்பைக் குடுக்கும். வெங்கச்சங்கல் மட்டும் மாறாது, மணலா உதிரும். அந்த மணலைத்தான் மழை உருட்டி, ஓடையில் விட்டு, ஆத்தில் சேர்த்து, வைப்பாத்து வழியா மன்னார் வளைகுடா வரைக்கும் கொண்டுபோகுது. வீடு கட்ட நீங்க யூனிட் கணக்கில் வாங்கின ஆத்து மணல் பெரும்பாலும் இதுதான். சாத்தான்குளம், குதிரைமொழி பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலும் இதேதான். மேல இரும்புத்துரு பூசியிருக்கு, கழுவினா உள்ளே வெள்ளைப் பரல். அப்படிச் சேர்ற மணல் இறுகினா மணற்பாறை. மணற்பாறை மறுபடி சூட்டிலயும் அழுத்தத்திலயும் மாட்டினா, பரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி குவார்ட்சைட் ஆயிரும். ரொம்ப வலுவான கல்.

ஆதி மனுசன் கையில் எடுத்த கல்லில் அதுவும் ஒண்ணு. சார்னாக் சமாதிக் கல் போச்சே, அதே பல்லாவரத்தில் 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். குவார்ட்சைட்டில் செஞ்சது. இந்தியாவில் ஆதி மனுசன் வாழ்ந்தான்னு அதிலிருந்துதான் பேச ஆரம்பிச்சாங்க. அப்புறம் அவர் கண்டுபிடிச்ச அத்திரம்பாக்கத்துக் கருவிகள் 15 லட்சம் வருசம் பழசுன்னு 2011ல் சாந்தி பப்பு குழுவினர் சொன்னாங்க. தெற்கே நம்ம பக்கம் அந்த மாதிரிப் பெரிய கோடரிகள் அபூர்வம். நல்ல குவார்ட்சைட் இந்தப் பக்கம் கிடைக்காததும் ஒரு காரணம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இருந்ததை வச்சுத்தான் நம்ம ஆளுங்க சமாளிச்சிருக்காங்க. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் தேரிகளில் நக அளவுக்குச் சின்னச் சின்னக் கருவிகள் கிடைச்சிருக்கு, வெங்கச்சங்கல்லிலயும் செர்ட்டுக் கல்லிலயும் செஞ்சது. சாய்னரும் ஆல்ச்சினும் 1956ல் அதைப் பத்தி விரிவா எழுதினாங்க. சில்லைக் குச்சியில் பதிச்சா அம்பு, வரிசையாப் பதிச்சா அறுக்கிற கத்தி. உடைஞ்ச வெங்கச்சங்கல் எப்படி அறுக்கும்னு, காட்டில் வெறுங்காலோட நடந்தவனுக்குத் தெரியும்.

நம்ம விருதுநகர் மாவட்டத்திலயே, வைப்பாத்தங்கரை வெம்பக்கோட்டையில் 2022 மார்ச்சில் அகழாய்வு தொடங்கினாங்க. நுண்கற்கருவி, சங்கு வளையல், சூதுபவள மணின்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. நானும் ஒருநாள் பஸ் பிடிச்சுப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். குழிக்கு மேல நின்னு பார்த்தா நம்ம கிணத்து மண் மாதிரியேதான் அடுக்கடுக்கா இருக்கு.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு இருக்கே, அது சரளைக்கு அடியில் மக்கின வெங்கச்சங்கல் பாறை. அந்தப் பாறையைக் குடைஞ்சு குழி எடுத்துத்தான் தாழிகளை இறக்கியிருக்காங்க. 1876ல் ஜெர்மனிக்காரர் யாகோர் தோண்டினார், 1899லிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார். கொழுவைத் தேய்க்கிற இந்தக் கல்லில், செத்தவங்களுக்காக அத்தனை குழி வெட்டியிருக்காங்கன்னா எத்தனை கை காய்ச்சிருக்கும்!

காசாக்கினவங்க கொங்கு நாட்டுக்காரங்க. ஈரோடு மாவட்டம், நொய்யல் கரை, கொடுமணல். பதிற்றுப்பத்திலேயே கொடுமணம்னு வர்ற ஊர். 1980களிலிருந்து அங்கே தோண்டத் தோண்ட படிக மணிகள் கிடைக்குது. முழுசா முடிஞ்சது, பாதியில் உடைஞ்சது, ஓட்டை போடாததுன்னு பட்டறை அப்படியே கிடக்குது. கல்லு அரசம்பாளையம், வெங்கமேடு பக்கத்திலிருந்து வந்திருக்கு. வெங்கமேடுன்னு பேரைப் படிச்சதுமே எனக்கு வெங்கச்சங்கல்தான் ஞாபகம் வந்துச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் வல்லத்தில், பழைய ஆறுகள் உருட்டி விட்ட படிகக் கூழாங்கல்லை அறுத்து மூக்குக் கண்ணாடியே செஞ்சாங்க. கண்ணுக்குக் குளிர்ச்சின்னு பேர் வாங்கின கண்ணாடி. குளிர்ச்சிங்கிறது சும்மா இல்லை. படிகம் சாதாரணக் கண்ணாடியை விடச் சீக்கிரம் சூட்டை இழுத்துக்கும். கன்னத்தில் வச்சுப் பார்த்தாலே தெரியும்.

இன்னைக்கு நீங்க வாங்குறது அடுப்படி மேடை. 'குவார்ட்ஸ் டாப்'னு கடையில் காட்டுறாங்களே, அது மலையிலிருந்து அறுத்த பாளம் இல்லை. நூத்துக்குத் தொண்ணூறு பங்கு வெங்கச்சங்கல் தூள், மிச்சம் பிசின். அந்தத் தூள் அரைக்கிற இடத்திலயும், பாளத்தை அறுக்கிற இடத்திலயும் வேலை செய்றவங்க நெஞ்சுக்குள்ள அது போய்ப் படிஞ்சா திரும்ப வராது. சிலிக்கோசிஸ்னு பேர், மருந்து கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து இந்தச் செயற்கைப் பாளத்தையே தடை பண்ணிட்டாங்க. எங்க தெருவிலிருந்து வெளியூர் அரவை ஆலைக்குப் போன ஒருத்தர் அஞ்சு வருசத்தில் திரும்பி வந்தார். இப்ப மாடிப்படி ஏற முடியலை அவரால.

சட்டமும் மாறியிருக்கு. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு 31 கனிமங்களைச் சிறுகனிமம்னு அறிவிச்சது, குவார்ட்சும் அதில் ஒண்ணு. 2025 பிப்ரவரியில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா, பேரைட்ஸ் நாலையும் திரும்பப் பெருங்கனிமம் ஆக்கிட்டாங்க. பெக்மடைட்டில் வெங்கச்சங்கல்லோட லித்தியம், பெரில், நியோபியம், டான்டலம் மாதிரி விலை உயர்ந்த தாதுக்களும் கூடவே கிடைக்கும், அதைக் கணக்கில் கொண்டுவரத்தான். பைக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். "அதெல்லாம் பெரிய குவாரிக்கு அண்ணாச்சி, நமக்குக் காகிதமே வேண்டாம், ராத்திரியோட ராத்திரியா அள்ளிருவோம்"னு சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

கல்லுக்குமியை அள்ளிட்டுப் போனா எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அதில் சாரைப்பாம்பு குடியிருக்கு, எலிக்கு அது காவல், அவ்வளவுதான். திட்டைத் தோண்டுறதுதான் எனக்கு ஒப்பலை. பத்தடி, இருபதடின்னு நரம்பைப் பிடிச்சு இறங்குவாங்க. தண்ணி வர்ற பாதையே அந்த நரம்போட ஓரம்தான். அது திறந்த குழியா ஆச்சுன்னா கிணத்துக்கு என்ன மிஞ்சும்?

ஆனா காடு எனக்கு மட்டும் சொந்தம் இல்லை. தம்பி திருப்பூரில் இருக்கான். மகளைக் காலேஜில் சேர்த்திருக்கான், கடனும் இருக்கு. "அண்ணே, விளையாத கல்லுக்குக் காசு தர்றான், உனக்கென்ன?"ன்னு போனில் கேட்டான். கிணறு வெட்டினப்போ அவன் தொட்டில் பிள்ளை, அய்யா சிரிச்சதை அவன் பார்க்கலை. அடுத்த மாசம் வர்றான். அதுக்குள்ள திட்டு எத்தனை நீளம், எத்தனை உயரம்னு அளந்து வைக்கச் சொல்லியிருக்கான். டேப்பு திண்ணையில்தான் கிடக்குது. அவன் வந்ததும் முதல்ல கிணத்துக்குள்ள இறக்கி, 42 அடியில் அந்த வெள்ளைக் கல்லைக் காட்டணும்னு இருக்கேன்.